மூக்கு லாரியின் சைலன்சர்

அந்த லாரியை நான் விலை பேசிய அன்று அதன் இருக்கைக்கு அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு முந்திரித் தோப்பின் ஓரம், நாலு சக்கரமும் மண்ணில் இறங்கி, முன்மூக்கின் மேல் கொடி படர்ந்து நின்றது வண்டி. குட்டிகள் நடக்கப் பழகட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்து அதன் பிறகுதான் எடுத்து வந்தேன். இதைக் கேட்பவர்களிடமெல்லாம் சொல்வேன். என்னைப் பற்றி நல்லவிதமாக நினைக்க வைக்கும் கதை அது. இப்போது எழுதப்போவதை இதுவரை மூன்று இடங்களில்தான் சொல்லியிருக்கிறேன். மூன்றிலும் வேறு வழி இல்லாமல்தான் சொன்னேன்.

பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். வயது ஐம்பத்து மூன்று. கன்வேயர் ஓடும் இடங்களில் இரைச்சல் அளக்கும் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், புதிதாக வரும் கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்குக் காதில் அடைப்பான் வைக்கக் கற்றுக்கொடுப்பதும் என் வேலையில் பாதி. இரண்டு விரலால் உருட்டு, மறுகையால் காதை மேலே இழு, உள்ளே வை, உப்பும்வரை விரலை எடுக்காதே. இருபது வருஷமாக இதைச் சொல்கிறேன். 'காது போனால் திரும்பி வராது' என்று முடிப்பேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். வெளியே போனதும் அடைப்பானைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள்.

லாரி பழைய காலத்துப் பெட்ரோல் வண்டி. இப்போதைய லாரிகளைப் போல முகம் தட்டையாக இருக்காது. எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினை வடலூரில் கொடுத்துச் சரிசெய்தேன். எட்டு மாதம் ஆயிற்று. பெயிண்ட் நானே அடித்தேன், கரும்பச்சை. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டதால் குவார்ட்டர்ஸில் நானும் என் மனைவியும்தான். சனி ஞாயிறுகளில் நான் அந்த வண்டியோடு கிடந்ததை அவள் குறையாகச் சொல்லவில்லை. மத்தியான வேளையில் மோர் கொண்டுவந்து பானெட் மேல் வைத்துவிட்டுப் போவாள்.

கடைசியாக மிச்சம் இருந்தது சைலன்சர். பழைய குழாயைத் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. எஞ்சினிலிருந்து பின்சக்கரம் வரை எல்லாமே புதிதாகப் போட வேண்டும்.

மந்தாரக்குப்பம் போகும் வழியில் சைலன்சர் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் போனேன். தகரக் கூரை, மூன்று பக்கமும் திறப்பு. கம்பியில் வரிசையாகச் சைலன்சர்கள் தொங்கும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தனி ஆளாக வேலை செய்வார். முப்பது வருஷமாகத் தகரத்தைத் தட்டியும் கிரைண்டர் ஓட்டியும் அவருக்குக் காது மந்தமாகியிருந்தது. நாம் பேசும்போது நம் வாயையே பார்ப்பார். எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்க முடியாததால் குழாயின் வாயில் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்து, எந்த சிலிண்டர் சரியாக அடிக்கவில்லை என்று சொல்வார். சொன்னது தப்பியதே இல்லை.

அவர் என்னை 'சார்' என்று கூப்பிட்டார். நான் அவரை 'நீ', 'வா', 'போ' என்றுதான் பேசினேன். அப்போது அது எனக்கு உறுத்தவில்லை. அவர் கிரைண்டரை எடுக்கும்போதெல்லாம் என் பையிலிருந்து அடைப்பானை எடுத்து என் காதில் வைத்துக்கொள்வேன். வீட்டு அலமாரியில் பெட்டி பெட்டியாக இருக்கிறது. இரண்டு மாதம் அந்தப் பட்டறைக்குப் போய் வந்தேன். அவருக்கு ஒரு ஜோடி கொடுக்க வேண்டும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் அவர் வண்டியைச் சுற்றி வந்தார். கீழே படுத்து எஞ்சினிலிருந்து குழாய் புறப்படும் வாயை நூல் சுற்றி அளந்தார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"லோடு அடிப்பீங்களா சார்?"

"இல்ல. சும்மா ஓட்டத்தான். பாண்டிச்சேரில பழைய வண்டிங்க ஊர்வலம் ஒண்ணு விடுறாங்க. அதுக்குப் போகணும்."

"வண்டிய எங்க நிறுத்துவீங்க?"

அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. எங்கள் தெருவில் வீடுகள் இரண்டு இரண்டாக ஒட்டியிருக்கும். நடுவில் ஒரு செம்பருத்தி வேலி. லாரி நிற்கும் இடத்திலிருந்து பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல் பத்தடி.

"வீட்ட விட்டுத் தள்ளித்தான்" என்றேன்.

அவர் உள்ளே போய் நீள உருண்டையாக ஒரு பெரிய சைலன்சரைத் தூக்கி வந்தார். விரல் முட்டியால் தட்டிக் காட்டினார்.

"உள்ள மூணு ரூம் இருக்குது. பொகை ஒண்ணொண்ணா பூந்து வெளிய வரும். சத்தம் அங்கயே அடங்கிடும். பெட்ரோல் வண்டிக்கு இதான் சரி. இழுவையும் கொறையாது."

நான் என் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினேன். எங்கேயோ ஒரு நாட்டில், இதே மாதிரி மூக்கு வண்டி, பக்கவாட்டில் குழாய் நீட்டி உறுமிக்கொண்டு போகிறது. தெருவில் நிற்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவருக்குச் சத்தம் கேட்டதோ இல்லையோ, குழாயைப் பார்த்தார்.

"இது நேர்க்குழா சார். நடுவுல ஒண்ணுமே இல்ல. பேருக்கு ஒரு டப்பா வச்சிருக்கான். ஊருக்குள்ள ஓட்ட முடியாதுங்க. ஸ்டார்ட் ஆவலன்னு நாலு தடவ சோக்கப் போட்டு அடிச்சீங்கன்னா எரியாத பெட்ரோல் குழாயில தங்கிடும். அப்பறம் புடிக்கும்போது படார்னு வெடிக்கும்."

"பரவால்ல. எனக்கு இதுதான் வேணும்."

"சார், சொல்றதக் கேளுங்க. பெரிய சைலன்சரப் போட்டு ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. புடிக்கலன்னா நானே கழட்டித் தரேன்."

"ஏம்ப்பா, வண்டி உன்னுதா என்னுதா?"

அவர் சிரித்த மாதிரி ஒரு பக்கம் உதட்டை இழுத்தார். "உங்களுதுதாங்க" என்றார்.

ஏன் அப்படி அடம்பிடித்தேன் என்று பிறகு நிறைய யோசித்தேன். பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. சுரங்கத்தில் நான் வருவதைப் பார்த்தால் ஆட்கள் அடைப்பானைத் தேடி வேறு பக்கம் திரும்புவார்கள். என்னைப் பார்த்துத் திரும்பிய தலைகள் அவ்வளவுதான். பாண்டிச்சேரிக் கடற்கரைச் சாலையில் அந்த உறுமலோடு போனால் எப்படி இருக்கும் என்று மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்திருந்தேன். இருபது வருஷமாக மற்றவர்களுக்குச் சத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்திய நான் எனக்கென்று வந்ததும் சத்தத்தைத்தான் கேட்டு வாங்கினேன்.

குழாய் மாட்டிய அன்று ஊருக்கு வெளியே பத்து கிலோமீட்டர் ஓட்டினேன். ஸ்டியரிங்கும் இருக்கையும் என் விலா எலும்பும் சேர்ந்து அதிர்ந்தன. முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இதுவா சைலன்சர்? அந்த ஆளு இதையா போடச் சொன்னாரு?"

"அவன் வேணாம்னுதான் சொன்னான். நாந்தான் விடல" என்று பெருமையாகச் சொன்னேன்.

"பக்கத்து வீட்ல நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து பகல்ல தூங்குற மனுஷன் இருக்காரு" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர். மண் வெட்டும் பெரிய இயந்திரத்தில் ஆபரேட்டர். என்னை அண்ணே என்பார், அவர் மனைவியும் அப்படியே. அவர் தூங்கும் நேரம் எனக்குத் தெரியும். இரண்டு மூன்று முறை காலை எட்டு மணிக்கே வண்டியைக் கிளப்பினேன். அவர் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் அவர் மனைவி மட்டும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "அண்ணே, வண்டி நல்லா சத்தம் குடுக்குது" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி இருக்கும். வண்டி கிளம்ப மறுத்தது. சோக்கை இழுத்து ஒருமுறை, இரண்டு முறை, நாலு முறை அடித்தேன். ஐந்தாவது முறை எஞ்சின் பிடித்தது. கூடவே குழாய்க்குள் படார் என்று வெடித்தது. வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. எஞ்சின் மறுபடி அணைந்துவிடக் கூடாதே என்று ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தேன். என் மனைவி வாசலிலிருந்து ஓடி வந்தாள். கையை ஆட்டி வாயை அசைத்தாள். திட்டுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே இன்னொரு முறை மிதித்தேன்.

அவள் கதவைத் திறந்து சாவியைப் பிடுங்கிய பிறகுதான் எனக்குப் பக்கத்து வீட்டு அலறல் கேட்டது.

அந்தப் பெண் சோறு வடித்துக்கொண்டிருந்திருக்கிறார். பானையைச் சாய்த்துத் துணியால் பிடித்திருந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே அந்த வெடி. கை உதறி, கொதிக்கிற கஞ்சி முழுக்க வலது காலில். நான் வேலியைத் தாண்டிப் போனபோது என் மனைவி அவரைக் குழாயடியில் உட்காரவைத்துக் காலில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தூக்கத்திலிருந்து எழுந்து வந்த கணவர் லுங்கியோடு நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் சோறு. கணுக்காலிலிருந்து விரல்வரை தோல் சிவந்து ஒரு பக்கம் சுருங்கிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் அழவில்லை. பல்லைக் கடித்து மூச்சு மட்டும் விட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மாலையில் திரும்பினார்கள். நானும் மனைவியும் அவர்கள் வராண்டாவில் போய் நின்றோம். காலில் பெரிய கட்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்று தூக்கமே இல்லை, மறுபடி ஷிஃப்டுக்குப் போக வேண்டும். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஒருவேளை என் வாயில் உண்மை வந்திருக்கும்.

"என்ன சைலன்சர்ணே அது? குண்டு வெடிச்ச மாதிரி" என்றார் களைப்பாக.

வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. கையில் தயாராக இருந்தது மாதிரி வந்தது.

"நான் நல்ல சைலன்சராத்தான் சொன்னேன் தம்பி. அந்த ஆளு எதையோ தப்பா மாட்டி விட்டுட்டான்."

"எங்க குடுத்தீங்க?"

சொன்னேன்.

"அங்கயா? அவனுங்ககிட்ட குடுத்தா அப்படித்தாண்ணே. எதையாச்சும் ஒழுங்கா செய்வானுங்களா?"

'அவனுங்க' என்று அவர் யாரைச் சொன்னார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பட்டறைக்காரரைப் பற்றி மட்டும் அவர் பேசவில்லை. அந்த மனிதர் பிறந்த தெருவைப் பற்றிப் பேசினார். என் அப்பாவின் மூன்று ஏக்கரில் அறுப்பு அறுத்தவர்கள் அப்படிப்பட்ட தெருவிலிருந்துதான் வந்தார்கள். எங்கள் வீட்டிலும் இதே பேச்சு இதே தொனியில் இருந்தது. படித்து, பெர்மனென்ட் ஆகி, எல்லா மாவட்டத்து ஆட்களோடும் பஸ்ஸில் உட்கார்ந்து வேலைக்குப் போய் அதையெல்லாம் தாண்டிவிட்டதாக நினைத்திருந்தேன். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. நான் தலையாட்டினேன்.

வீட்டுக்குள் வந்ததும் மனைவி கேட்டாள். "ஏங்க, அந்த ஆளு வேணாம்னு சொன்னாருன்னு என்கிட்ட சொன்னீங்கல்ல?"

"இப்ப எதுக்கு அது?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்கு ரசம் வைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் பட்டறைக்குப் போனேன். வண்டியை அந்தச் சத்தத்தோடு வெளியே எடுக்கத் தைரியம் இல்லை.

"அந்தப் பெரிய சைலன்சர் இன்னும் இருக்கா? வீட்டுக்கு எடுத்துகிட்டு வந்து மாட்ட முடியுமா?"

"ஏன் சார், சத்தம் புடிக்கலயா?"

"பக்கத்து வீட்ல ஒரு பிரச்சன" என்றேன். வேறு எதையும் சொல்லவில்லை.

சைலன்சரை மொபெட்டின் பின்னால் கயிற்றால் கட்டிக்கொண்டு அவர் வந்தார். வண்டிக்கும் வேலிக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்துவேன் என்று நான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். சாக்கை விரித்தார்.

அவர் கீழே படுப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார்.

"நீதானா அந்த ஆளு? சொன்னது ஒண்ணு, மாட்டுறது ஒண்ணா? என் வொய்ஃப் கால் வெந்துபோயிக் கெடக்குறா. வேல தெரியலன்னா எதுக்குய்யா பட்டற வச்சிருக்க?"

பட்டறைக்காரர் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி வார்த்தை வரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் குனிந்து ஸ்பேனர் பெட்டியைத் துழாவினேன். எனக்கு எந்த ஸ்பேனரும் தேவைப்படவில்லை. சும்மா அதையும் இதையும் எடுத்து வைத்தேன். அவர் பார்வை என் முதுகில் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாது. ஐந்து நொடி இருக்கலாம். நிமிர்ந்தபோது அவர் இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வராண்டா படிவரை போயிருந்தார். அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை ஒரு முக்காலி மேல் வைத்திருந்தார்.

"தப்பா போச்சிம்மா" என்றார் பட்டறைக்காரர். "மன்னிச்சிக்குங்க."

நான் ஒரு கையில் ஸ்குரூ டிரைவரோடு லாரிக்குப் பக்கத்தில் நின்றேன். என் மனைவி எங்கள் வாசலில் நின்றாள். அவள் உள்ளே போய்விட்டதைக் கதவுச் சத்தத்தில் தெரிந்துகொண்டேன்.

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கிளாம்ப் போட்டு இறுக்கி, எஞ்சினைக் கிளப்பச் சொல்லி, குழாய் வாயில் கையைப் பிடித்துப் பார்த்தார். வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "இத மொதல்லயே மாட்டியிருக்கலாம்ல?" என்றார்.

"மாட்டியிருக்கலாங்க" என்றார் பட்டறைக்காரர்.

டீ சாப்பிடச் சொன்னேன். "வேல கெடக்குது சார்" என்று நேர்க்குழாயை மொபெட்டில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு ஐந்தாறு வாரம் எதுவும் நடக்கவில்லை. கட்டு அவிழ்ந்து அந்தப் பெண் நடக்கத் தொடங்கினார். பாண்டிச்சேரி ஊர்வலத்துக்கு நான் போகவில்லை. காரணம் கேட்டவர்களிடம் பிரேக் வேலை இருக்கிறது என்றேன். பொய் இப்போது சுலபமாக வந்தது.

ஒரு நாள் சாப்பிடும்போது மனைவி சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரரின் தம்பி, சுற்றுக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி வரும் வேன்கள் ஓட்டுகிறவர். தன் எல்லா வேன்களின் சைலன்சர் வேலையையும் இந்தப் பட்டறைக்கே கொடுப்பதாகப் பேசி வைத்திருந்தாராம். அண்ணி கால் வெந்த கதையைக் கேட்டதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"பக்கத்து வீட்ல பெருமையா சொல்றாங்க, நல்ல வேளை முன்னாடியே தெரிஞ்சுதுன்னு" என்றாள். என் தட்டைப் பார்க்காமல் குழம்பை ஊற்றினாள்.

மறுநாள் எனக்கு வகுப்பு இருந்தது. புதிய ஆட்கள் முப்பது பேர். அந்த வகுப்பில் ஒரு பகுதி வரும்: சிறிய தவறு நேர்ந்தாலும் மறைக்காதே, உடனே சொல், மறைத்தால் அடுத்தவனுக்கு அடிபடும். எத்தனையோ தடவை சொன்ன வாக்கியம். அன்று அந்தப் பக்கத்தைப் புரட்டி அடுத்த பக்கத்துக்குப் போனேன். முப்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் முகம் சுட்டது.

அன்று மாலையே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். இருவரும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"தம்பி, அந்த சைலன்சர் விஷயம். அவர் தப்பா மாட்டல. பெரிய சைலன்சரத்தான் போடச் சொன்னாரு. நாந்தான் கேக்கல. வெடிக்கும்னுகூடச் சொன்னாரு. நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

"அவன் வந்து ஏதாச்சும் சண்ட போட்டானா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"இல்ல. அவர் ஒண்ணுமே சொல்லல."

"அப்பறம் ஏண்ணே இப்ப வந்து... சரி விடுங்க. கால் ஆறிடுச்சி. அந்த ஆளுக்கு வேற வேலையா கெடைக்காது?"

அவர் என்னைத் தப்ப விட்டுவிட்டார். அதுதான் இன்னும் கூசியது. ஆனால் அவர் மனைவி விடவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"அன்னிக்கு அவரு வந்து எங்கிட்ட மன்னிப்பு கேட்டப்ப நீங்க லாரிகிட்டதான நின்னுட்டு இருந்தீங்க?"

"ஆமாம்மா."

"பாத்துகிட்டா?"

"ஆமா."

எழுந்து உள்ளே போனார். நடையில் இன்னும் ஒரு சிறு சாய்வு இருந்தது.

கணவர் தம்பிக்குப் போன் போட்டார். வேன் வேலையைப் பண்ருட்டியில் வேறொருவரிடம் கொடுத்தாயிற்று, ஒரு வருஷத்துக்குப் பேசி முடித்தாயிற்று என்று அந்தப் பக்கமிருந்து வந்த குரல் எனக்கே கேட்டது. போனை அவரிடமிருந்து வாங்கி நானே அந்தத் தம்பியிடம் முழுவதையும் சொன்னேன். "அடுத்த வருஷம் பாக்கலாங்க சார்" என்றார் மரியாதையாக.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். ஒரு டிராக்டர் நின்றது. அதன் டிரைவர் ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றதும் நிறுத்தினார்.

"வாங்க சார். வண்டி எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுது. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." நான் 'உங்க' என்றதை அவர் கவனித்தாரோ என்னவோ. தரையைப் பார்த்து மெல்லச் சொல்லத் தொடங்கினேன்.

"சத்தமா சொல்லுங்க சார். கேக்கல. நிமிந்து சொல்லுங்க."

நிமிர்ந்தேன். அவர் என் வாயைப் பார்த்தார். டிராக்டர்காரரும் பார்த்தார். மெல்லச் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வார்த்தைகளைச் சாலைக்குக் கேட்கும்படி கத்த வேண்டியிருந்தது.

"நீங்க தப்பா மாட்டிட்டீங்கன்னு பக்கத்து வீட்ல நாந்தான் பொய் சொன்னேன். அதனாலதான் உங்களுக்கு வேன் வேல போச்சு."

டிராக்டர்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"தெரியும் சார்" என்றார் பட்டறைக்காரர். "அன்னிக்கு அந்தாளு கத்திகினு இருக்கும்போதே புரிஞ்சிச்சி."

"அப்ப நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்னான்னு சொல்றது? நீங்க பக்கத்துலயே நின்னுகினு இருக்கீங்க. நான் ஒண்ணு சொல்லி, நீங்க இல்லன்னுட்டா, யாரு பேச்சு சார் நிக்கும்?"

பதில் இருவருக்கும் தெரிந்ததுதான். மூவருக்கும் என்றே சொல்லலாம். டிராக்டர்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

"அந்தம்மா கால் வெந்தது நெசம்" என்றார் பட்டறைக்காரர். "வெடிக்கும்னு தெரிஞ்சிகினேதான் அந்தக் குழாய மாட்டினேன். போட மாட்டேன்னு சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க வேற பட்டறைக்குப் போயிடுவீங்கன்னு வுட்டுட்டேன். அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். உங்களுக்காவ இல்ல."

"வேன்காரர்கிட்ட பேசிட்டேன். அடுத்த வருஷம் பாக்கறேன்னு சொன்னாரு. சுரங்கத்துல எனக்குத் தெரிஞ்சவங்க நெறைய பேரு வண்டி வச்சிருக்காங்க. உங்களப் பத்தி நல்லவிதமா நான் எடுத்துச் சொல்றேன்..."

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். முகத்தில் கோபம் இல்லை. கிரைண்டர் தூசி படிந்த கண்ணிமையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"வேணாம் சார். நீங்க எனக்காவ யார்கிட்டயும் பேச வேணாம். நல்லதாவும் வேணாம்."

சொல்லிவிட்டுக் கிரைண்டரைக் கிளப்பினார். பொறி பறந்தது. நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். ஸ்டூல் ஒன்றுதான், அதில் டிராக்டர்காரர் இருந்தார். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

இது நடந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. என் மனைவி ஒருமுறைகூட இதைச் சொல்லிக் காட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் அவளோடு முன்போலவே பேசுகிறார். நான் வராண்டாவில் உட்கார்ந்திருந்தால் துணி காயப்போடுவதைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு போகிறார். காலில் உள்ளங்கை அளவுக்கு நிறம் மாறியிருக்கிறது.

போன மாதம் சைலன்சரின் கிளாம்ப் தளர்ந்து புகை கசிந்தது. வடலூருக்குப் போயிருக்கலாம். பட்டறைக்கே ஓட்டிப் போனேன். "வாங்க சார்" என்றார். கீழே படுத்து இறுக்கினார். எஞ்சினைக் கிளப்பச் சொல்லி, குழாய் வாயில் கையைப் பிடித்து ஒரு நிமிஷம் நின்றார்.

"மூணாவது சிலிண்டர் கொஞ்சம் கம்மியா அடிக்குது. பிளக்கப் பாருங்க" என்றார்.

"சரிங்க" என்றேன்.

அடுத்த வண்டி வந்து நின்றிருந்தது. அவர் சாக்கை உதறி அதற்கு அடியில் விரித்தார்.